என்ரி போடு, டானோ

டிரம் உருண்டு முடிந்து ட்ரம்பெட் கிளம்புவதற்குள் சித்தப்பாவின் விரல்கள் சாய்மனைக் கதிரையின் சட்டத்தில் தாளம் தட்டத் தொடங்கிவிட்டன. 2011ஆம் ஆண்டு, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தை. கனடாவிலிருந்து வந்திருந்த மச்சான் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய ஆங்கிலத் தொடர்களைக் கொண்டுவந்திருந்தார். அதில் முதலில் போட்டது புதிய ‘ஹவாய் ஃபைவ்-0’ பொலிஸ் தொடர். சித்தப்பா அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை, பழையதையும் பார்த்ததில்லை. ஆனால் மெட்டு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் றேடியோவில் கேட்டதாம், கலியாண வீடுகளில் கிற்றார்காரர்கள் வாசித்துக் கேட்டதாம். “உது வென்ச்சர்ஸ்காரரின்ரை பாட்டல்லோ” என்றார்.

கதை முடியும் இடத்தில் நாயகன் தன் கூட்டாளியைப் பார்த்து மூன்றே சொற்கள் சொல்கிறான்: “புக் எம், டானோ.” நான் சித்தப்பாவைப் பார்த்தேன். “என்ரி போடச் சொல்லுறான், பிள்ளை” என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

அந்த மூன்று சொற்களை அகராதியை வைத்து மொழிபெயர்த்தால் சரியாக வராது. கைதானவரின் பெயர், குற்றச்சாட்டு, நேரம் எல்லாவற்றையும் பொலிஸ் பதிவேட்டில் ஏற்று என்பதுதான் பொருள். யாழ்ப்பாணத்தில் அதற்கு என்ரி என்று ஒரே சொல். சைக்கிள் களவு போனாலும் என்ரி, வேலிச் சண்டைக்கும் என்ரி. ஒரு பழைய அமெரிக்கத் தொடரின் அதிகம் சொல்லப்பட்ட வசனம் எங்கள் பேச்சில் இவ்வளவு கச்சிதமாக விழுகிறதே என்று அன்றைக்கு நினைத்தேன். பின்பு இரண்டு தொடர்களையும் தேடித் தேடிப் பார்த்தபோது, இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை அந்தச் சொல்லை வைத்தே அளக்கலாம் என்று தோன்றியது.

முதல் தொடர் அமெரிக்காவின் சீ.பி.எஸ். வலையமைப்பில் 1968 செப்டெம்பர் 20ஆம் திகதி தொடங்கியது. உருவாக்கியவர் லெனார்ட் ஃப்ரீமன். ஹவாய்த் தீவுகள் 1959இல்தான் அமெரிக்காவின் 50ஆவது மாநிலம் ஆகியிருந்தன. ‘ஃபைவ்-ஓ’ என்ற பெயரில் இருப்பது அந்த ஐம்பதுதான். ஜாக் லோர்ட் ஸ்டீவ் மக்கரட்டாக நடித்தார். கரிய கோட்டு, ஒரு மயிரும் கலையாத தலை, சிரிப்பு வராத முகம். ஜேம்ஸ் மக்ஆர்தர் டானி வில்லியம்ஸ், அவர்தான் ‘டானோ’. சின் ஹோ கெலியாக வந்த காம் ஃபோங் நடிக்க வருமுன் உண்மையிலேயே ஹொனலுலுப் பொலிஸில் வேலை செய்தவர். சூலூ என்ற பெயரில் அறியப்பட்ட ஹவாய்க்காரர் கோனோவாக வந்தார். மோர்ட்டன் ஸ்டீவன்ஸ் அமைத்த மெட்டை த வென்ச்சர்ஸ் குழு 1969இல் இசைத்தட்டாக வெளியிட்டு அமெரிக்க வரிசையில் 4ஆம் இடம் வரை ஏற்றியது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். முதல் தொடர் 12 பருவங்கள் ஓடி 1980 ஏப்ரலில் முடிந்துவிட்டது. படம் கரை சேருமுன்னே பாட்டு எங்கள் கரைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கதையில் ஃபைவ்-ஓ என்பது மாநில ஆளுநருக்கு மட்டும் பதில் சொல்லும் ஒரு சிறிய பொலிஸ் பிரிவு. இது முழுக்கக் கற்பனை. தொடர் எடுக்கப்பட்ட காலத்தில் ஹவாயில் மாநிலப் பொலிஸ் என்று ஒன்றே இருக்கவில்லை, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனிப் பொலிஸ்தான். எங்கள் வாசகர்கள் தடக்கி விழக்கூடிய இடமும் இதுதான். ஆளுநர் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருபவர் ஜனாதிபதி நியமித்து அனுப்பும் ஆளுநர். ஹவாய் ஆளுநரை அந்தத் தீவுச் சனமே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது. ஆகவே மக்கரட் ஆளுநருக்குப் பதில் சொல்கிறான் என்றால், சுற்றிவளைத்து அந்த ஊர்ச் சனத்துக்குப் பதில் சொல்கிறான். எங்கள் பக்கத்தில் 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் உண்டு என்று எழுதிவைத்திருக்கிறது. 2013 செப்டெம்பரில் வடமாகாண சபைக்கு முதல் தேர்தலும் நடந்தது. அந்த அதிகாரம் மட்டும் தாளிலேயே இருக்கிறது. ஒரு மாகாணத்துக்குச் சொந்தமாக ஒரு பொலிஸ் பிரிவு என்பது ஹவாய்க்காரருக்குப் பொழுதுபோக்குக் கற்பனை. எங்களுக்கு நாற்பது வருடத்துக்குக் கிட்ட இழுபடும் வழக்கு.

மக்கரட்டின் அலுவலகம் எங்கே இருந்தது தெரியுமா? இயோலானி அரண்மனையில். ஹவாய் இராச்சியத்தின் கடைசி அரசி லிலியுவோகலானி அரசாண்ட அதே கட்டடம். 1893இல் அரசியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1895இல் அவரை அந்த அரண்மனையின் மாடி அறை ஒன்றிலேயே சிறை வைத்தார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அரண்மனை அரச அலுவலகமாகி, 1969இல்தான் பழைய நிலைக்குத் திருப்பும் வேலை தொடங்கியது. அந்த மாளிகையின் படிகளில் கரிய கோட்டுக்காரர் ஒருவர் விறுவிறென்று ஏறிப் போவதைப் பார்க்கும்போது, நல்லூரில் மந்திரிமனைக்கு முன்னால் நின்று பழக்கப்பட்ட கண்ணுக்கு நெஞ்சில் ஏதோ இடறத்தான் செய்யும். 1619இல் போர்த்துக்கேயரிடம் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹவாய்க்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். தொடர்பு இருக்கிறது. 1816இல் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்து சேர்ந்த மிஷனரிமாரை அனுப்பிய அதே பொஸ்டன் மிஷன் சங்கம்தான் 1820இல் ஹவாயில் இறங்கியவர்களையும் அனுப்பியது. இங்கே வந்தவர்கள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி கட்டினார்கள், அடுத்த வருடம் உடுவிலில் பெண்கள் பாடசாலை. அங்கே போனவர்களின் பிள்ளைகள் பலர் கரும்புத் தோட்டங்களுக்கு முதலாளிகளாகி, 1893 கவிழ்ப்பிலும் முன்னணியில் நின்றார்கள். நாங்கள் இன்னொருவரின் குடியேற்ற நாடாக இருந்ததால் எங்கள் மிஷனரிமார் பள்ளிக்கூடத்தோடும் ஆஸ்பத்திரியோடும் நின்றார்கள். அந்தத் தீவின் கதையை நான் தூரத்து ஊர் ஒன்றின் கதையாகப் பார்க்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்த மூன்று சொற்களுக்கு வருவோம். 1966இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் மிராண்டா வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொலிஸ் காவலில் வைத்து விசாரிக்குமுன், பேசாமல் இருக்கும் உரிமை உனக்கு உண்டு, சட்டத்தரணி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று பிடிபட்டவரிடம் சொல்லியாக வேண்டும். அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு வருடத்தில் மக்கரட் திரைக்கு வருகிறான். அந்தக் காலத்துப் பொலிஸ் தொடர்களில் நடைமுறையே நாடகம். 1967இல் மீண்டும் தொடங்கிய ‘டிராக்நெட்’ தொடரில் பொலிஸார் உரிமைகளை வாசித்துக் காட்டுவது ஒரு சடங்கு மாதிரியே வரும். பழைய ஃபைவ்-ஓவில் “புக் எம்” என்பதும் அப்படித்தான். துரத்தல் முடிந்தது, சூடு முடிந்தது, இனி என் கையில் ஒன்றுமில்லை, பதிவேட்டின் கையிலும் நீதிமன்றத்தின் கையிலும் என்று மக்கரட் ஒதுங்கிக்கொள்ளும் இடம் அது. அவனது இறுகிய முகம் அந்த இடத்தில்தான் அர்த்தப்படுகிறது. கோபம் இருக்கிறது, ஆனால் கை நீளவில்லை.

பழையதை நான் பூசித்து வைக்கவில்லை. தீவைச் சேர்ந்த சின் ஹோவும் கோனோவும் பெரும்பாலும் “சரி, ஸ்டீவ்” என்று சொல்லிவிட்டு ஓடுகிறவர்கள். கட்டளை எப்போதும் வெள்ளைக்கார வாயிலிருந்துதான் வரும். சூலூ நான்கு பருவங்களோடு போய்விட்டார். காம் ஃபோங் பத்தாவது பருவம் முடிய விலகினார், அவரது பாத்திரத்தைக் கொன்றுவிட்டார்கள். வெள்ளையர் சிறுபான்மையாக இருக்கும் ஒரு மாநிலத்தின் கதை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

புதுப்பிக்கும் எண்ணம் திடீரென்று வந்ததல்ல. 1997இல் ஒரு முன்னோட்டப் படம் எடுத்து அது ஒளிபரப்பாகாமலே போனது. பிறகு அலெக்ஸ் கர்ட்ஸ்மன், ரொபேர்ட்டோ ஓர்சி, பீற்றர் லென்கோவ் மூவரும் உருவாக்கிய தொடர் 2010 செப்டெம்பர் 20 அன்று தொடங்கியது. திகதியைக் கவனியுங்கள்: முதல் தொடர் தொடங்கிய அதே நாள், 42 வருடத்துக்குப் பின். பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறியது. பழையதில் அது ‘ஓ’ என்ற எழுத்து, புதியதில் பூச்சியம். நேரமும் கூடி வந்திருந்தது. ஹவாயில் ஆறு பருவங்கள் எடுக்கப்பட்ட ‘லொஸ்ட்’ அந்த வருடம் மே மாதம் முடிந்திருந்தது. அதில் நடித்த டானியல் டே கிம் அப்படியே புதிய சின் ஹோவாக வந்து சேர்ந்தார்.

மெட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. முதலில் அதை எலக்ட்ரோனிக் சத்தமும் ரொக் கிற்றாருமாக மாற்றிச் செய்திருந்தார்கள். அது வெளியே கசிந்ததும் பழைய ரசிகர்கள் விடவில்லை. தயாரிப்பாளர்கள் கேட்டார்கள், பித்தளை வாத்தியங்களோடு பழைய வடிவத்திலேயே திரும்பவும் ஒலிப்பதிவு செய்தார்கள். சித்தப்பாவின் விரல் உடனே தாளம் பிடித்ததற்குக் காரணம் அதுதான். மாற்றக் கூடாதது எது என்று அவர்களுக்கு ஒரு தடவையாவது தெரிந்திருந்தது. பழைய மக்கரட்டின் 1974ஆம் ஆண்டு மேர்க்குரி காரையும் புதிய மக்கரட்டின் அப்பாவுடைய காராகக் கொண்டுவந்து கராஜில் நிறுத்தினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மாற்றியவற்றில் நல்லதும் நிறைய. கோனோ இப்போது பெண், சின் ஹோவின் மச்சாள் முறை. கிரேஸ் பார்க் நடித்தார். சின் ஹோ லஞ்சம் வாங்கியதாகப் பழி சுமந்து பொலிஸிலிருந்து வெளியேறியவன், சொந்தக் குடும்பமே முகம் திருப்பிக்கொண்ட மனிதன். ‘சரி, ஸ்டீவ்’ என்பவர்களுக்கு வீடும் வலியும் கிடைத்தன. ஸ்கொட் கான் நடித்த டானி, மகளுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பதற்காக நியூ ஜேர்ஸியிலிருந்து வந்த விவாகரத்தான அப்பா. டானோ என்பது அந்தச் சின்ன மகளின் வாயில் உருவான பெயர். பழைய தொடரில் வெறும் சுருக்கப் பெயராக இருந்ததற்கு இவ்வளவு ஈரமான காரணம் கண்டுபிடித்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். காருக்குள் மக்கரட்டும் டானியும் இடைவிடாமல் வாக்குவாதப்படும் காட்சிகள் தொடரின் உயிர். அந்த வாக்குவாதங்களில் பாதி, நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பின்பற்றினால் என்ன என்ற டானியின் முறைப்பாடுதான்.

அந்த முறைப்பாடு வீணாக வரவில்லை. அலெக்ஸ் ஓ’லொக்லின் நடித்த புதிய மக்கரட் கடற்படை விசேட படையில் இருந்தவன். அப்பாவின் கொலைக்குப் பின் தீவுக்குத் திரும்புகிறான். ஆளுநர் அவனிடம் இந்தப் பிரிவை ஒப்படைக்கும்போது தரும் வாக்கு, முழுச் சட்டப் பாதுகாப்பும் வேண்டிய வசதிகளும். அதாவது என்ன செய்தாலும் உன்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகு சந்தேக நபர் ஒருவனைக் கட்டட உச்சியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டு உண்மையைக் கறக்கிறான். காட்சி வேகமாக, பகிடியாகக்கூடப் போகிறது. டானி கத்துகிறான், மக்கரட் சிரிக்கிறான், தொங்குகிறவன் சொல்லிவிடுகிறான். சொன்னதெல்லாம் உண்மையாகவும் இருந்துவிடுகிறது. 2001 செப்டெம்பருக்குப் பின் வந்த அமெரிக்கத் தொடர்கள் பலவற்றில் ஊறிப்போன நம்பிக்கை இது: நேரம் இல்லை, ஆபத்துப் பெரிது, ஆகவே கை நீளலாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கும் ஒருவருக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வராது. எங்கள் சாதாரண சட்டத்தில், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. பயமுறுத்தி வாங்கியிருக்கலாம் என்பதால்தான் அந்தத் தடை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் போதும், சாட்சி. அதன்பின் எத்தனை பிள்ளைகள் தங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்தார்கள் என்பதை எங்கள் ஊர்ச் சட்டத்தரணிகளிடம் கேட்டால் சொல்வார்கள். பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எடுக்க இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும் என்று அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவே 2011இல் பரிந்துரைத்தது. ஆக, என்ரி போட்டால் மட்டும் போதாது, எந்த மொழியில் போட்டது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சித்தப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்று பிறகு ஒருநாள் சொன்னார். 95 இடப்பெயர்வு முடிந்து நாங்கள் ஊர் திரும்பிய வருடம், 1996. பக்கத்து வீட்டு அண்ணாவைச் சைக்கிளோடு மறித்துக் கொண்டுபோனார்கள். அவரின் அம்மாவோடு முகாம் முகாமாக அலைந்தது சித்தப்பாதான். ஒரு முகாம் வாசலில் மேசை போட்டு ஒருவர் பெரிய கொப்பி ஒன்றோடு இருந்தாராம். சித்தப்பா பெயரைச் சொல்ல, அவர் பக்கங்களைப் புரட்டி, விரலால் வரி வரியாக இறங்கி, “அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை” என்றாராம். அண்ணாவின் சைக்கிள் அந்த வாசல் வேலியில் சாத்தியபடி நின்றது. கரியரில் அந்த அம்மா கட்டிக்கொடுத்த பச்சை றப்பர் பட்டி. “சைக்கிள் நிக்குது, என்ரி இல்லை” என்று சித்தப்பா இரண்டு தடவை சொன்னார். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில்.

ஆகவே பழைய மக்கரட்டின் “புக் எம்” எங்களுக்கு வீரவசனமாகக் கேட்கவில்லை. பிடித்தவனைப் பிடித்தேன் என்று எழுதச் சொல்கிறான். எழுதினால் பிறகு ஒரு தாய் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடியாது. புதிய தொடரிலும் அதே மூன்று சொற்கள் வருகின்றன. முதல் தடவை சொன்னபோது டானிக்கே எரிச்சல்தான் வந்தது. போகப்போக அது கைதட்டலுக்கு விடும் வசனமாகிவிடுகிறது. அடித்து, தொங்கவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு பதிவேடு எதற்கு? சொல் மிஞ்சியிருக்கிறது, அது செய்த வேலை மிஞ்சவில்லை. மெட்டைக் காப்பாற்றிய அளவு அக்கறையை இதிலும் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

மற்றப் புதுப்பித்தல்களோடு ஒப்பிட்டால் இது பெரிய வெற்றி. மொட்டைத் தலைக் ‘கோஜாக்’ 2005இல் திரும்பி வந்து ஒரே பருவத்தோடு போனார். சக்கர நாற்காலித் துப்பறிவாளர் ‘அயன்சைட்’ 2013இல் வந்தார்; நான்கு அத்தியாயங்கள் போனதும் நிறுத்திவிட்டார்கள். ஹவாய் 10 பருவங்கள், 240 அத்தியாயங்கள் தாக்குப்பிடித்தது.

ஆனால் 2017இல் ஒரு விரிசல். டானியல் டே கிம்மும் கிரேஸ் பார்க்கும் எட்டாவது பருவத்துக்குத் திரும்பவில்லை. வெள்ளைக்கார நாயகர்கள் இருவருக்கும் சமமான சம்பளம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பெரிய உயர்வு தர முன்வந்தோம் என்றது நிறுவனம். பார்க் பின்னாளில், தன் முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றார். கிம் மட்டும் சமத்துவத்துக்கான வழி இலகுவாக இருப்பதில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டுப் போனார். கதைக்குள் சின் ஹோவுக்கு வீடு கிடைத்தது. கதைக்கு வெளியே சம்பளப் பட்டியலில் அவர் பழைய சின் ஹோவின் இடத்துக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. போதாக்குறைக்கு, ஹவாய்ப் பூர்வகுடிப் பெயரோடு வந்த கோனோவாக நடித்தவர் கொரிய வம்சாவளியைச் சேர்ந்த கனடாப் பெண். இந்தியப் படங்களில் எங்கள் பேச்சை எங்கள் ஊரை அறியாதவர்கள் பேசும்போது காது கூசுகிற எங்களுக்கு அந்தத் தீவுக்காரரின் மனக்குறை நன்றாகவே விளங்கும்.

மூத்த டானோ ஜேம்ஸ் மக்ஆர்தர் புதிய தொடரில் ஒருநாள் தலைகாட்டச் சம்மதித்திருந்தார். தொடர் தொடங்கி ஐந்தாறு கிழமைக்குள், 2010 ஒக்டோபரில் காலமாகிவிட்டார்.

புதிய தொடரின் கடைசி அத்தியாயம் 2020 ஏப்ரல் 3 அன்று வந்தது. யாழ்ப்பாணம் அப்போது கொரோனா ஊரடங்கில். ஒழுங்கையில் பொலிஸ் ஜீப்பைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. சில நாள் கழித்து அதைக் கைபேசியில் இறக்கிச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். மக்கரட் தீவை விட்டு விமானம் ஏறிப் போகிறான். “போட்டான்” என்றார், அவ்வளவுதான். பழையதின் முடிவும் இருக்கோ என்று கேட்டார். இருந்தது. 1980இல் வந்த அந்தக் கடைசிக் கதையில் மக்கரட் தன் பரம எதிரி வோ ஃபட்டை ஒருவழியாகப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறான். கூண்டுக்குள் தனியே இருக்கும் வோ ஃபட் சப்பாத்திலிருந்து சின்ன அரம் ஒன்றை மெல்ல உருவுகிறான். திரை இருள்கிறது, மெட்டுத் தொடங்குகிறது.

இந்த முறை சித்தப்பாவின் விரல்கள் அசையவில்லை.

“டானோவைக் காணேல்லை?”

“அவர் முந்தின பருவத்தோடையே விலகிட்டார், சித்தப்பா.”

“அப்ப ஆர் என்ரி போட்டது?”

கைபேசியைத் திரும்ப வாங்கி, அந்த இடத்தைத் தேடிப் பின்னால் ஓட்டினேன்.